முத்துக்குளித்துறையில் இத்தாலியர்

தமிழ் இலக்கிய வரலாற்றில் இத்தாலி என்றதும் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் தத்துவபோதகர் என்று அறியப்பட்ட ராபர்ட் தெ நொபிலி. மற்றவர் வீரமாமுனிவர். முன்னவரை மதுரையோடும் பின்னவரை ஏலாக்குறிச்சியோடும் சேர்த்தே படித்திருக்கிறோம். நொபிலி தமிழ் பேசப் பழகிய இடம் மதுரை அன்று, தூத்துக்குடிக் கடற்கரை என்பதையும், வீரமாமுனிவர் முதிய வயதில் மணப்பாட்டில் பணியாற்றினார் என்பதையும் பாடநூல்கள் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. இவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே வெனிஸ் நகரத்து வணிகர் ஒருவர் இதே கரையைப் பற்றி விரிவாகச் சொல்லியிருந்தார்.

கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரை நீளும் இந்தக் கரையைப் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறை என்ற பொருளிலேயே தம் மொழியில் அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே வந்த இத்தாலியர் சிலரின் வழியே இரண்டு கேள்விகளை இக்கட்டுரை எழுப்புகிறது. நெடும்பயணம் வந்த அயலார் முதல் பார்வையில் இங்கு யாரைக் கண்டார்கள்? இந்தக் கரை அவர்களை எப்படிப் பார்த்தது? இவற்றுக்கு விடை தேடினால், தமிழ் இலக்கிய வரலாறு கடலோடிகளுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றும் தெரியவரும்.

காயலில் ஒரு வெனிஸ் வணிகர்

மார்க்கோ போலோ 1271இல் வெனிஸிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 17. ஊர் திரும்பியது 1295இல். சீனத்திலிருந்து பாரசீகத்துக்கு மணப்பெண்ணாக அனுப்பப்பட்ட மங்கோலிய இளவரசியின் கப்பல்களில் திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில், அவர் பாண்டிய நாட்டைக் கண்டார். அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில் இருந்தான். 1298இல் ஜெனோவாச் சிறையில் போலோ சொல்லச் சொல்ல, பீசா நகரத்து ருஸ்திகெல்லோ எழுதினார். அந்த நூலில் பாண்டிய நாடு மாபார் என்றும் அதன் துறைமுகம் காயில் என்றும் வருகின்றன.

அந்தக் காயில், தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல்தான் என்று வாதிட்டவர் பிஷப் கால்டுவெல். கொற்கையைக் கடல் கைவிட்டபோது காயல் எழுந்தது. காயலும் மணல்மூடிப்போனபோது புன்னைக்காயல் எழுந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே தள்ளியது. பழைய குடியிருப்பின் தடயங்களும் சீன, அரபு மட்பாண்ட உடைசல்களும் நெடுந்தூரம் மண்ணில் சிதறிக் கிடந்ததைக் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார். இன்று தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் பழையகாயலைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறார்கள்.

போலோவை வியக்கவைத்த செய்திகள் பல. இந்த நாட்டில் தையல்காரரே இல்லை என்கிறார். அரசனும் குடிகளைப்போல இடுப்புத் துணியோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் உடலில் மின்னும் முத்தும் மணியும் ஒரு நகரத்தின் விலை பெறும். மக்கள் வலக்கையால் மட்டுமே உண்கிறார்கள். பாத்திரத்தை உதட்டில் படவிடாமல் தூக்கி ஊற்றிக் குடிக்கிறார்கள். எப்போதும் வெற்றிலை மெல்லுகிறார்கள். கடன் வாங்கி இழுத்தடிப்பவனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் வட்டம் கிழித்துவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. அரசனே ஒரு வணிகனின் வட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றதைத் தாம் பார்த்ததாகவும் சொல்கிறார். கறுப்பு நிறத்தை அழகென்று போற்றும் இம்மக்கள் தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள் என்ற குறிப்பும் உண்டு. தம் நாட்டு வழக்கத்துக்கு நேர்எதிரான இதைப் பழிக்காமல் பதிவுசெய்ததில் அவரது பயண அறிவின் முதிர்ச்சி தெரிகிறது.

குதிரை வணிகம் பற்றி அவர் தருவது ஒரு பொருளாதார ஆவணம். ஹொர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்தன. அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான். அவன் தம்பியரும் அப்படியே வாங்கினார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு இருந்தன. இங்கே குதிரை பேணத் தெரிந்தவர்கள் இல்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்துவந்தார்கள் என்றும் அவர் காரணம் சொல்கிறார். கடலடியிலிருந்து எடுத்த செல்வத்தின் பெரும்பகுதி இப்படி அரபுத் துறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

முத்துக்குளிப்பைப் பற்றி அவர் சொல்வது பிற்காலத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது. வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து கப்பலும் தோணிகளும் அமர்த்துவார்கள். சித்திரை, வைகாசியை ஒட்டிய ஏப்ரலிலும் மே முற்பாதியிலும் குளிப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் குளியாளிகள் இறங்கிச் சிப்பி எடுப்பார்கள். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாக்கள் தீண்டாமல் மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இரவில் யாரும் களவாகக் குளிக்கக்கூடாது என்பதற்காக அவர்கள் மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இவர்களைக் கரையில் கடல்கட்டி என்பார்கள். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், மன்னார்க் கடலின் மறுகரையில் பிரிட்டிஷ் அரசு நடத்திய சலாபம் என்னும் முத்துக்குளிப்பிலும் கடல்கட்டிக்கு இடம் இருந்தது. அப்போது அந்தப் பணியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த டென்னன்ட் எழுதியிருக்கிறார். ஆட்சி மாறியது, சமயம் மாறியது. மூச்சடக்கி இறங்குகிறவனின் அச்சமும் அதற்கான காப்பும் மாறவில்லை.

இவ்வளவும் சொன்ன போலோவின் பக்கங்களில் குளியாளி ஒருவன்கூடத் தனி மனிதனாக வரவில்லை. கூலிக்கு அமர்த்தப்படுகிறான், இறங்குகிறான், ஏறுகிறான். அரசனின் பங்கும் மந்திரக்காரனின் பங்கும் பின்னமாகப் பதிவாகியிருக்கின்றன. மூழ்கியவனுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. வணிகரின் கண் விலையையும் வரியையும் தேடும். அந்தக் கண்ணால் பார்க்கும்போது உழைப்பாளி செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறான். எத்தனை நேர்மையான முதல் பார்வைக்கும் இந்த எல்லை உண்டு.

தாளி ஓலையும் கீற்றுக் குடிசையும்

போலோவுக்குப் பின் 15ஆம் நூற்றாண்டில் வந்தவர் நிக்கோலோ தெ கோன்தி. அவரும் வெனிஸ் பகுதிக்காரர். கால்நூற்றாண்டு கீழை நாடுகளில் அலைந்து திரும்பிய அவரது அனுபவங்களைப் போப்பின் செயலாளராக இருந்த போஜ்ஜோ பிராச்சொலினி இலத்தீனில் எழுதிவைத்தார். காயலைப் பற்றி அதில் ஒரு சிறு குறிப்புத்தான் உண்டு. முத்துக் கிடைக்கும் ஊர் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு மரத்துக்குத் தாவிவிடுகிறார். அதன் இலை ஆறு முழ நீளம். கைக்குள் மடக்கும் அளவுக்கு மெல்லியது. மக்கள் அதில் எழுதுகிறார்கள். மழை வந்தால் விரித்துத் தலைக்குமேல் பிடிக்கிறார்கள், ஓர் இலைக்குள் மூன்று நான்கு பேர் நனையாமல் நடக்கிறார்கள். இது தாளிப்பனை. முத்து ஊருக்குப் போனவர் எழுத்தை ஏந்தும் ஓலையைக் கண்டு வியந்திருக்கிறார். போலோவின் கண்ணுக்குத் தப்பிய ஒரு நாகரிகச் செய்தி இது.

மூன்றாமவர் செசாரே பெதெரிச்சி. 1563இல் வெனிஸை விட்டுக் கிளம்பி 18 ஆண்டுகள் கழித்து 1581இல் திரும்பிய நகை, துணி வணிகர். அவரது பயண நூல் 1587இல் வெனிஸில் அச்சானது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. அவர் வந்தபோது கரையின் நிலை முற்றும் மாறியிருந்தது. முத்துக்குத்தகைப் பூசலில் நசுங்கிய, இக்கரையின் கடல்தொழில் மக்களான பரவர், 1530களில் கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாகப் பல்லாயிரம் பேர் கத்தோலிக்கரானார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார்.

பெதெரிச்சி ஒரு சலாபத்தை நேரில் கண்டவர். முதலில் தேர்ந்த குளியாளிகள் கடலில் போய் எந்தப் பாரில் (கடலடித் திட்டில்) சிப்பி அடர்ந்திருக்கிறது என்று பார்த்து வருவார்கள். அதற்கு நேர் எதிரே கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஓர் ஊர் எழும். குளிப்பு நடக்கும் சுமார் 50 நாளும் அந்த ஊர் இருக்கும், பிறகு கலைந்துவிடும். குளிப்பவர்கள் எல்லாரும் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் என்றும், போர்த்துகல் மன்னருக்கும் கரையின் இயேசு சபைக் கோயில்களுக்கும் அவர்கள் வரி கட்டுகிறார்கள் என்றும், கடற்கொள்ளையரிடமிருந்து காக்க மூன்று நான்கு ஆயுதப் படகுகள் சுற்றிவருகின்றன என்றும் எழுதுகிறார். செட்டிகள் முத்தைச் சல்லடையிலிட்டு நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். உருண்டு திரண்ட முதல் தரம் போர்த்துகீசியருக்கு. அடுத்தது வங்காளத்துக்கு. மூன்றாவது விஜயநகர ஆட்சிக்குட்பட்ட கன்னட நாட்டுக்கு. கடைசித் தரம் குஜராத்தின் கம்பாயத்துக்கு. ஒரே தோணியில் ஏறிய சிப்பி நான்கு திசைச் சந்தைகளுக்குப் பிரிந்துபோனதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

போலோவின் பதிவோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு முன்னேற்றம் உண்டு. குளிப்பவர்களுக்கு ஒரு சமுதாய அடையாளம் வந்துவிட்டது. அவர்கள்மேல் விழும் வரிகள் பெயரோடு பதிவாகிவிட்டன. கோயில் வரியும் மன்னர் வரியும் ஒரே வாக்கியத்தில் வருவது, பாதுகாப்புக்குப் பரவர் கொடுத்த விலையை ஓரளவு உணர்த்துகிறது.

வேதாளையில் நின்றவர்

வணிகர்கள் வந்த வழியிலேயே இத்தாலியத் துறவிகளும் வந்தார்கள். அவர்களுள் அந்தோனியோ கிரிமினாலியைத் தமிழகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. பார்மாவுக்கு அருகிலுள்ள சிஸ்ஸாவில் 1520இல் பிறந்தவர். 1545இல் கோவாவுக்கு வந்து, விரைவில் முத்துக்குளித்துறை இயேசு சபையாரின் தலைவரானார். ஊர் ஊராகக் கால்நடையாகச் சென்றார். மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் தமிழ் எழுதவும் படிக்கவும் முயன்று கற்றார்.

1549இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் போர் மூண்டது. அங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி, இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை மறித்து வரி கேட்டதே காரணம். அதற்குப் பதிலடியாக வடுகர் படை வந்தது. கரையில் நின்ற தோணிகளில் ஏறிக் கிரிமினாலி தப்பியிருக்கலாம். அவர் பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றுவதிலேயே முனைந்து நின்று, கரையிலேயே ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். இயேசு சபையில் உயிர்கொடுத்த முதல் துறவி என்று அவரைச் சொல்வார்கள்.

இந்த நிகழ்ச்சியை ஒரு சமயத்தின் வீரக்கதையாக மட்டும் சொல்வது போதாது. தளபதியின் பேராசை யாத்திரிகர்களை வருத்தியது. அதற்கான தண்டனை, குற்றமே செய்யாத மீனவக் குடும்பங்கள்மேல் இறங்கியது. அந்த இரண்டுக்கும் நடுவே 29 வயது இத்தாலியர் ஒருவர் நின்றார். பயணக் குறிப்பு எதையும் அவர் நூலாக எழுதவில்லை. இந்த மக்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு வேதாளைக் கரையில் அவர் செய்ததே சான்று.

கரையில் கற்று, கரையை விட்டு

கிரிமினாலியோடு பணியாற்றிய போர்த்துகீசியர் அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு ஐம்பதாண்டுக்கு மேல் இந்தக் கரையில் வாழ்ந்தார். அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் அது மிகப் பழையது. ‘அடியார் வரலாறு’ 1586இல் இந்தக் கரையிலேயே அச்சானது. இந்த அச்சுப் பணிக்குப் பொருள் கொடுத்தவர்கள் பரவர்கள். அந்தக் காலத்தில் கீழை நாட்டு இயேசு சபைப் பணிகளை மேற்பார்வையிட்ட அலெஸ்ஸாந்த்ரோ வலிஞ்ஞானோவும் இத்தாலியர்தான். போகிற நாட்டின் மொழியைக் கற்காமல் பணி இல்லை என்பது அவர் கொள்கை. ஆக, நொபிலி வருவதற்கு முன்பே இங்கே தமிழ் இலக்கணக் குறிப்புகளும் அச்சு நூல்களும் அயலாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பழகிய மக்களும் இருந்தார்கள்.

ராபர்ட் தெ நொபிலி 1577இல் ரோமில் பிறந்தவர். 1604இல் லிஸ்பனில் கப்பலேறி, வழியில் மொசாம்பிக் அருகே கப்பல் சேதத்துக்குள்ளாகி, ஓராண்டுக்குப் பின் 1605 மே மாதத்தில் கோவாவை அடைந்தார். கொச்சியில் நோயில் விழுந்து தேறினார். பிறகு முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் கற்றார். 1606 நவம்பரில் மதுரைக்குப் போனார்.

மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியத் துறவி, வணிகத்துக்காக வந்த பரவர்களுக்காகவும் போர்த்துகீசியருக்காகவும் ஒரு கோயில் நடத்திவந்தார். உள்நாட்டு மக்கள் எவரும் அங்கே வரவில்லை. ஏன் என்று நொபிலி ஆராய்ந்தார். உள்நாட்டார் கண்ணில் அயல்நாட்டார் அனைவரும் பரங்கியர். பரங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். கிறிஸ்தவராக மாறிய பரவரையும் அந்தப் பெயரே தொற்றிக்கொண்டிருந்தது. திருமுழுக்குப் பெற வந்தவரிடம் பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம்கூட இருந்தது. சமய மாற்றம் குல மாற்றமாக விளங்கிக்கொள்ளப்பட்டது.

இதுதான் தமிழ்நாடு ஐரோப்பியரைப் பார்த்த முதல் பார்வை. இத்தாலியருக்கும் போர்த்துகீசியருக்கும் அதில் வேறுபாடு இல்லை. நொபிலி அந்த வேறுபாட்டை உண்டாக்க முனைந்தார். காவி உடுத்தார், புலால் விட்டார், ஒருவேளை உணவு உண்டார், தனிக்குடில் அமைத்தார். தாம் பரங்கியர் அல்லர், ரோம் நகரத்து உயர்குடியில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதி அறிவித்தார். பெர்னாண்டஸ் எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு கோவாவையும் ரோமையும் எட்டியது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறைகளை ஏற்றார்.

நொபிலியின் துணிவும் கல்வியும் பெரியவை. தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய பணியை யாரும் மறுக்க முடியாது. வடமொழியைக் கற்று அதன் நூல்களுக்குள் புகுந்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் அவர். ஆனால் அவர் வெற்றிக்குக் கடற்கரை கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பரங்கி என்ற இழிசொல்லிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ள அவர் பெர்னாண்டஸின் கோயிலிலிருந்தும், அங்கே வந்துபோன பரவரிடமிருந்தும் விலகி நிற்க வேண்டியிருந்தது. அவருக்குத் தமிழ் கிடைத்த கரையின் மக்களே அவர் தாண்டிப்போக வேண்டிய தடையாக ஆனார்கள். அந்த இழிசொல்லைப் பரவர்கள் தாங்களே தேடிக்கொள்ளவில்லை. பிழைப்புக்காக ஒரு கடல் வல்லரசின் துணையை நாடியதால் அது அவர்கள்மேல் விழுந்தது. அதைத் துடைத்துக்கொள்ள ரோம் நகரத்து உயர்குடிப் பிறப்பு நொபிலிக்கு உதவியது. முத்துக்குளிக்கிறவனுக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்று இல்லை.

மணப்பாட்டு முனிவர்

வீரமாமுனிவர் என்று அறியப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் மாந்துவாவுக்கு அருகிலுள்ள காஸ்திலியோனேயில் பிறந்தார். 1711இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நொபிலி போட்ட பாதை நூறாண்டுப் பழமை பெற்றிருந்தது. தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் எனத் தமிழுக்கு அவர் தந்தவை யாவரும் அறிந்தவை. அவரது பணிகளில் இந்தக் கரைக்கு நெருக்கமானது வேறொன்று. செந்தமிழ் இலக்கணத்தோடு நில்லாமல் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியே இலக்கணம் எழுதினார். பேச்சுத்தமிழை இலக்கணம் எழுதத் தக்க மொழியாக மதித்த அந்த முடிவு, புலவர் அவைக்கு வெளியே வாழும் மக்களோடு பழகியவருக்கே தோன்றும்.

முதிய வயதில் அவர் தென்கரையில், மணப்பாட்டில் பணியாற்றினார். 1747இல் அவர் மறைந்தார். ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து தமிழில் வழக்குத் தீர்க்கவும், தமிழில் பாட்டுக் கட்டவும் வல்ல ஒருவரைப் பரங்கி என்று எவரும் சொல்லத் துணியவில்லை. தமிழ்நாடு அவருக்குத் தன் மொழியிலேயே பெயர் சூட்டியது. போலோ காயலில் இறங்கிய காலத்திலிருந்து இந்தப் பெயர்சூட்டல் வரை நாலரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

எதிர்த்திசைப் பயணம்

இந்தக் கரை இத்தாலியிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. தூத்துக்குடியின் பனிமய மாதா வழிபாட்டுக்கு வேர் ரோமில் இருக்கிறது. கடும் கோடையில், ஆகஸ்டு மாதத்தில், எஸ்குவிலின் குன்றில் பனி பெய்து கோயிலுக்கு இடம் காட்டியதாக ஒரு மரபுக்கதை. பனியே விழாத ஊரில் ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழாவாகிறது. 1713இல் எழுந்த கோயில் 1982இல் பசிலிக்காவானது. தங்கத்தேர் ஓடும் ஆண்டுகளில் எல்லாச் சமயத்தாரும் தேர் பார்க்க வருகிறார்கள்.

1980கள் முதல் ஈழத் தமிழர் பலர் சிசிலித் தீவின் பலெர்மோவில் குடியேறியிருக்கிறார்கள். அந்நகரத்துப் புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் போய் வருகிறார்கள். நெடும்பயணம் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. இத்தாலியரை முதன்முதலாகப் பார்த்து, அவர்கள் உணவையும் பேச்சையும் வழிபாட்டையும் வியக்கிற இடத்தில் இன்று தமிழர் இருக்கிறார்கள். அடுக்களையிலும் உணவகத்திலும் உழைக்கும் அவர்களை அந்த நாடு உழைப்பாளிகளாக மட்டும் காண்கிறதா, மனிதர்களாகவும் காண்கிறதா என்பது காயல் கரையில் எழுந்த அதே கேள்வி.

செய்ய வேண்டியது

தூத்துக்குடியில் பெரிய சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். 1973இல் இங்கேயுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். பார்களில் சிப்பி அருகிவிட்டது. குளியாளிகளின் வழிவந்தவர்கள் சங்குக்குளிக்குப் போகிறார்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள், கப்பலேறுகிறார்கள். தங்கள் வரலாற்றை அவர்கள் தாங்களே எழுதவும் தொடங்கிவிட்டார்கள். ஆர். என். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. போலோவின் கணக்கில் பங்கு குறிக்கப்படாமல் போனவர்கள் பேசுவதை அதில் கேட்கிறோம்.

இன்னும் செய்ய வேண்டியது உண்டு. பெதெரிச்சியின் முத்துக்குளிப்புப் பக்கங்களும் கிரிமினாலி காலத்துக் கடிதங்களும் நல்ல தமிழில், கடல் தொழில் தெரிந்தவர்களின் குறிப்புரையோடு வர வேண்டும். பாரின் பெயரும் காற்றின் பெயரும் தோணியின் உறுப்புப் பெயரும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அந்தப் பணி நடக்க வேண்டும். நொபிலியையும் வீரமாமுனிவரையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் புன்னைக்காயலிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். அயலாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், தமிழ் அச்சுக்குப் பொருள் கொடுத்தவர்கள், மூச்சடக்கி எடுத்த முத்தால் பாண்டியன் கருவூலத்தை நிரப்பியவர்கள் ஒரே மக்கள். தமிழ் இலக்கிய வரலாற்றின் முதல் இயல்களில் அவர்களுக்கு உரிய இடம் உண்டு. அதை எழுதிச் சேர்ப்பது நம் தலைமுறையின் கடமை.